சர்ஃபிங் பலகையோடு வந்த அண்ணனுக்கு

காலையில் கடல் இறங்கியிருந்த நேரம் பாறைக்குழிகளில் நண்டு பார்த்தேன். அப்புறம் நீந்த இறங்கினேன். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தது. அதுதான் பாதுகாப்பான இடம் என்று நம்பினேன். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழியே அதுதான்! கரை விலகிக்கொண்டே போனது. எதிர்த்து நீந்தி மூச்சிரைத்தபோதுதான் நீங்கள் வந்தீர்கள்.

"பலகையைப் பிடிச்சுக்கோங்க. இந்த நீரோட்டம் ஆளை அமுக்காது, வெளியேதான் இழுக்கும். கரைக்கு இணையாப் போனா விட்டுடும்" என்றீர்கள். அப்படியே விட்டது.

பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. (செருப்பையும் அங்கேயே விட்டேன், அது வேறு கதை.) இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரொம்ப நன்றி, அண்ணா.