உய்யக்கொண்டான் வாய்க்காலில் கழிவுநீர் விழுவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
உய்யக்கொண்டான் கரையோரக் குடியிருப்புவாசிகள்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி மாநகராட்சி.

பொருள்: உய்யக்கொண்டான் வாய்க்காலில் கழிவுநீர் சேரும் இடங்களைக் கோடையிலேயே கணக்கெடுத்து அடைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால் இது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, உய்யக்கொண்டான் திருமலை, புத்தூர், பாலக்கரை, அரியமங்கலம் என்று நகரைக் கடந்து வாழவந்தான்கோட்டை ஏரிவரை சுமார் 70 கி.மீ. ஓடுகிறது. இதை நம்பி 30,000 ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. நகருக்குள் நாம் இதில் விடுவதெல்லாம் கடைசியில் கீழ்மடை விவசாயியின் வயலுக்குத்தான் போகிறது. அவர் செய்யாத தப்புக்கு அவர் நிலம் கெடுவது எங்களுக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

வாய்க்கால் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அதில் விழும் சாக்கடையும் குப்பையும் நகரத்திலிருந்து வருபவை. அதனால்தான் தங்களிடம் வந்திருக்கிறோம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு நகராட்சி அமைப்புகளின் பணிகளில் ஒன்றாக அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணையிலேயே இடம்பெற்றிருக்கிறது.

எங்கள் முக்கியமான கோரிக்கை ஒன்றுதான். பாசனத்துக்குத் தண்ணீர் விடாத கோடை மாதங்களில் வாய்க்காலில் ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீர். எந்தக் குழாய், எந்தச் சாக்கடை எங்கே வந்து விழுகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் எல்லாம் மூழ்கிப் போகும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன்பே மாநகராட்சிப் பொறியாளர்களும் நீர்வளத்துறையினரும் சேர்ந்து திருமலையிலிருந்து அரியமங்கலம்வரை இரு கரையிலும் நடந்து, ஒவ்வொரு இடத்தையும் எண் போட்டுக் குறிக்க வேண்டும். பாதாள சாக்கடை உள்ள தெருவில் இணைப்பு எடுக்காத வீடுகளுக்கும் கடைகளுக்கும் கெடு கொடுத்து இணைக்கச் சொல்லலாம். பாதாள சாக்கடை வராத பகுதிகளில், திட்டம் வரும்வரை கழிவுநீரைத் தடுத்து அருகிலுள்ள நீரேற்று நிலையத்துக்குத் திருப்பிவிட வேண்டும். மழைநீர் வடிகால்களை மூடச் சொல்லவில்லை. அவற்றில் கழிவுநீர் கலக்காமல் பார்த்துக்கொண்டு, வாயில் இரும்புக் கம்பி வலை வைத்து, வலையில் சேரும் குப்பையை முறை வைத்து அள்ளினால் போதும்.

தூர்வாருவது தேவையான வேலைதான். ஆனால் கழிவுநீர் நிற்காமல் தூர் மட்டும் வாரினால் பயன் நிலைக்காது. வாய்க்காலில் மண்டும் வெங்காயத்தாமரைச் செடிக்குக் கழிவுநீர்தான் உரம். வாரிய செடியைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும். அதன் விதை சேற்றில் பல வருடம் உயிரோடு இருக்கும். ஆகவே பூக்கும் முன்பே எடுத்து, அன்றன்றே லாரியில் ஏற்றி உரக்கிடங்குக்குக் கொண்டுபோகக் கேட்டுக்கொள்கிறோம். அப்புறம், இந்த வேலையில் இறங்கும் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் முழங்கால் பூட்ஸும் கட்டாயம் வேண்டும். இயந்திரம் போகக்கூடிய இடத்தில் மனிதரை இறக்க வேண்டாம்.

பாலங்களின் மேலிருந்து கோழிக்கழிவும் பிளாஸ்டிக் பைகளும் வீசப்படுகின்றன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழகத்தில் தடை இருக்கிறது. பாலத்தின் இருபுறமும் உயரமான வலை, இறைச்சிக் கடைகளின் கழிவை எடுக்கத் தனி வண்டி, மீறுவோருக்கு அபராதம் – இந்த மூன்றும் சேர்ந்து நடந்தால்தான் பலன் இருக்கும். வண்டி அனுப்பாமல் அபராதம் மட்டும் போட்டால் அந்தக் கழிவு இன்னொரு இடத்தில், இரவில் விழும்.

கணக்கெடுப்பில் எத்தனை இடங்கள் கண்டறியப்பட்டன, எத்தனை அடைக்கப்பட்டன என்ற விவரத்தைக் கரையோர வார்டுகளின் பகுதி சபைக் கூட்டங்களில் வாசிக்க உத்தரவிடுங்கள். எங்கள் கண்ணில் பட்ட இடங்களைக் குறித்த கைவரைபடத்தை இத்துடன் இணைத்துள்ளோம். கள ஆய்வுக்கு ஒரு நாள் குறித்துச் சொன்னால், இடங்களைக் காட்ட எங்களில் சிலர் கூடவே நடந்து வருகிறோம்.

இப்படிக்கு,
உய்யக்கொண்டான் கரையோரக் குடியிருப்புவாசிகள்

இணைப்பு: கைவரைபடம், கையொப்பப் பட்டியல்
நகல்: செயற்பொறியாளர், நீர்வளத்துறை, திருச்சிராப்பள்ளி