கசியும் கப்பலுக்கு யார் பதில் சொல்வது? தெற்காசியக் கடலோர அரசுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் அரசுகள், அந்நாடுகளில் கடல் மாசுத் தடுப்புக்குப் பொறுப்பேற்றிருக்கும் அமைப்புகள்.

மதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

தெற்காசியக் கடல்களுக்கான செயல்திட்டத்தை நீங்கள் ஐவரும் 1995 மார்ச்சில் புதுதில்லியில் ஏற்றுக்கொண்டீர்கள். எண்ணெயோ இரசாயனமோ கடலில் கலந்தால் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதற்கான வட்டாரத் திட்டமும் பின்னர் உருவானது. அது தொடர்பான புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு இந்திய அமைச்சரவை 2018 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. கொழும்பில் செயலகம் இருக்கிறது. இந்தியத் தரப்பில் பொறுப்பு கடலோரக் காவல் படையிடம் இருக்கிறது. ஆகவே திட்டமே இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ள இம்மடலை எழுதவில்லை. ஆபத்தில் இருக்கும் கப்பல் ஒன்று கரையை நோக்கி உதவி கேட்கும்போது, திட்டங்கள் எல்லாம் இருந்தும் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கொள்கலன் கப்பலின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அதன் முதல் பாதியை நாம் போதிய அளவு பேசியதில்லை. 2021 மே மாதம் அக்கப்பலில் நைட்ரிக் அமிலம் ஏற்றிய கொள்கலன் ஒன்று கசிவது தெரிந்தது. அதை இறக்கிக்கொள்ளுமாறு கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும், பின்னர் குஜராத்தின் ஹசீராவிலும் கேட்டதாகவும், கசியும் அமிலத்தைக் கையாள உடனடி வசதியோ நிபுணர்களோ இல்லை என்று இரு இடங்களிலும் மறுக்கப்பட்டதாகவும் கப்பல் நிறுவனம் தெரிவித்தது. கசிவோடு கொழும்புக்கு வந்து நங்கூரமிட்ட கப்பலில் மே 20 அன்று புகை எழுந்தது, 25 அன்று வெடிப்பு நிகழ்ந்தது, ஜூன் 2 அன்று ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது அதன் பின்பகுதி கடலடியில் தட்டி அமர்ந்தது. அதிலிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகளில் பெரும்பகுதி இலங்கையின் மேற்குக் கரையை மூடியது. பிந்தைய பாதிக்கு நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒரு கொள்கலன் மட்டும் கசிந்துகொண்டிருந்த அந்த நாட்களுக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி.

மறுத்த துறைமுகங்களைத் தனித்தனியே குற்றம் சொல்வது எளிதல்ல. தன் தளத்தையும் தொழிலாளரையும் காக்க வேண்டிய துறைமுக மேலாளர், அமிலம் கசியும் பெட்டியை வரவேற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. ஆனால் அவரவர் பார்வையில் நியாயமாகத் தோன்றும் மறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும்போது, எந்த அரசும் முடிவெடுக்காமலேயே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது: கப்பல் அடுத்தவர் கடலுக்குப் போகிறது. 2002 நவம்பரில் ஸ்பெயினின் கலிசியக் கரைக்கு அருகே சேதமடைந்த பிரஸ்டீஜ் எண்ணெய்க் கப்பலுக்கும் இதுவே நேர்ந்தது. கரையிலிருந்து விலக்கப்பட்ட அது நடுக்கடலில் உடைந்து, அதன் எண்ணெய் ஸ்பெயின், பிரான்ஸ் கரைகளில் ஒதுங்கியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2003இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, ஆபத்தில் இருக்கும் கப்பல்கள் ஒதுங்கி நிற்பதற்கான புகலிடங்கள் பற்றிய வழிகாட்டுதல்களை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி போய், உதவி கோரும் கப்பலை ஏற்பதா வேண்டாமா என்று சுதந்திரமாக முடிவெடுக்கும் அதிகாரமும் நிபுணத்துவமும் கொண்ட அமைப்பை ஒவ்வொரு உறுப்பு நாடும் நியமிக்க வேண்டும் என்று 2009இல் சட்டமாக்கியது. அப்படிப்பட்ட அதிகாரியை நீங்களும் ஒவ்வொருவரும் நியமியுங்கள். அவருடைய பதவிப் பெயரையும் தொடர்பு வழியையும் மற்ற நான்கு நாடுகளுக்கும் தெரிவியுங்கள். மறுப்பதானால் எழுத்தில், காரணத்தோடு, அடுத்த நாட்டின் அதிகாரிக்குப் பிரதி அனுப்பி மறுக்க வேண்டும் என்று உங்களுக்குள் உடன்படுங்கள். என் முதன்மையான கோரிக்கை இதுதான்.

ஒத்துழைக்க உங்களால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2020 செப்டம்பர் 3 அன்று சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு பாராதீப் நோக்கிப் போன நியூ டயமண்ட் கப்பல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பற்றியபோது, இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல் படையும் சேர்ந்தே தீயோடு போராடின. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இயந்திர அறைப் பகுதியிலிருந்து எரிபொருள் கசிந்தது. ஆனால் சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் இம்மடலின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

நேரக் கணக்கைச் சற்றுப் பாருங்கள். நீர்மேல் மிதக்கும் எண்ணெய், நீரோட்டத்தின் வேகத்தோடு காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காட்டையும் சேர்த்துக்கொண்டு நகரும். 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகக் காற்றில் அது 0.6 நாட், ஒரு நாளைக்கு 14 கடல் மைல், அதாவது 26 கிலோமீட்டருக்கும் மேல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கடல் அவ்வளவுதான், அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இதற்கிடையில் கச்சா எண்ணெய் நீரை உறிஞ்சிக் கெட்டியாகி, மூன்று நான்கு மடங்கு பருமனாகிவிடும். அதன் பிறகு, எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து நீரில் கலக்கச் செய்யும் சிதறடிப்பான் என்ற இரசாயனத்தைத் தெளித்தும் பயன் குறைவு. உதவிக்கு வரும் விமானத்துக்கு வான்வெளி அனுமதி, குழுவினருக்கு விசா, தடுப்பு மிதவைகளுக்கும் எண்ணெயை நீர்மேலிருந்து வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவிகளுக்கும் சுங்க அனுமதி என்று கோப்புகள் நகரும் வேகத்தை எண்ணெய் நகரும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும். எண்ணெய் மாசுக்கான 1990ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு, உதவிக்கு வரும் கப்பல், விமானம், ஆட்கள், கருவிகள் ஆகியவை விரைவாக வந்துபோக வழிசெய்யும் ஏற்பாடுகளை நாடுகள் செய்ய வேண்டும் என்கிறது. விபத்து நடந்த பிறகு அனுமதி தேடுவதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

சிதறடிப்பான் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்த, கடற்புல் நிறைந்த கடல். அங்கே 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆழ்கடலில் நன்மை தரும் அதே தெளிப்பு, இத்தகைய ஆழமற்ற நீரில் எண்ணெயைக் கடற்புல்லின் வேர்வரை இறக்கிவிடும். ஒரு கரையில் தடைசெய்ததை மறு கரையில் தெளித்தால் கடலுக்கு எல்லைக்கோடு தெரியாது. எங்கே தெளிக்கலாம், எங்கே கூடாது என்பதை இந்தியாவும் இலங்கையும் ஒரே வரைபடத்தில், பருவக்காற்று மாறும்போது நீரோட்டம் திசை மாறுவதையும் கணக்கிட்டு, அமைதிக் காலத்திலேயே குறித்துவைக்க வேண்டும்.

மத்திய அரசுகளுக்கிடையே எல்லாம் சரியாக நடந்தாலும் கரைக்கு வந்த மாசை அள்ளுவது மாநில, மாகாண நிர்வாகங்களின் தலையில்தான் விழும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதியபோது, கரை ஒதுங்கிய எண்ணெயை மனிதர்கள் வாளிகளால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2025 மே மாதம் 640 கொள்கலன்களோடு கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் கேரளத்தோடு நிற்காமல் தமிழகக் கரைக்கும் வட இலங்கைக் கரைக்கும் போய்ச் சேர்ந்தன. அதன் கொள்கலன்கள் சிலவற்றில் தண்ணீர் பட்டால் எரிவாயு வெளியிடும் கால்சியம் கார்பைடு இருந்தது. கரையில் ஒதுங்கிய பெட்டியை முதலில் நெருங்குபவர் மீனவர். ஆகவே சரக்குப் பட்டியல் ஒரு நாட்டுக்குக் கிடைத்த உடனே அண்டை நாடுகளுக்கும் போக வேண்டும். ‘தொடாதீர்கள், இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்ற எச்சரிக்கை தமிழிலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் மாலத்தீவின் மொழியான திவேகியிலும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு சொல். எண்ணெய்க் கப்பல்களுக்கான சர்வதேச இழப்பீட்டு நிதி கொள்கலன் கப்பல்களுக்குப் பொருந்தாது. இழப்பீடு பிறகு வருமா என்ற ஐயத்தில் உதவிக் கப்பலை அனுப்ப எந்த நாடும் தயங்காமல் இருக்க, உதவி கேட்ட நாடு எந்த விகிதத்தில் செலவைத் திருப்பித் தரும் என்பதை இப்போதே எழுதிவையுங்கள்.

இந்தியா, மாலத்தீவு, இலங்கைக் கடலோரக் காவல் படைகள் ‘தோஸ்தி’ என்ற பெயரில் கூட்டுப் பயிற்சி நடத்திவருகின்றன. அடுத்த பயிற்சிக்கு மற்ற இரு நாடுகளையும் அழையுங்கள். துறைமுக மேலாளர்களையும் மீன்வளத் துறை அலுவலர்களையும் உட்காரவையுங்கள். மிதவைகளை விரித்துக்காட்டும் காட்சி ஒருபுறம் இருக்கட்டும். அமிலம் கசியும் ஒரு கற்பனைக் கப்பலின் கேப்டன் புகலிடம் கேட்பதிலிருந்து பயிற்சி தொடங்கட்டும். அவர் முதல் அழைப்பை விடுத்த நேரத்தையும், அதிகாரம் பெற்ற ஒருவரின் கையெழுத்தோடு ‘வரலாம்’ என்றோ ‘வர வேண்டாம்’ என்றோ பதில் கிடைத்த நேரத்தையும் பதிவுசெய்து, அந்த அறிக்கையை ஐந்து நாட்டு மக்களும் படிக்கும்படி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடலோரக் குடிமக்களுள் ஒருவர்