மே 8 மாலை சேர்ந்து கேட்போம்

வணக்கம் நண்பர்களே,

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் வாசித்த கச்சேரியை, அதே தேதியில் முழுதாகக் கேட்கிறோம். மே 8, மாலை 6 மணி, குழு அழைப்பில்.

1. 2017இல் வெளியான அதிகாரபூர்வப் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டேப் நகல்களில் நேரம் முன்பின் ஆகும். போன தடவை ஆளுக்கொரு பாட்டில் நின்றோமே, நினைவிருக்கிறதா?

2. ஹெட்ஃபோன் கட்டாயம். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் மேடை மைக்குகள் வந்து சேரும் ஒலிப்பலகையிலிருந்து (சவுண்ட்போர்டு) நேராகப் பதிந்தது. ஃபில் லெஷ் வாசிக்கும் பேஸ் கிட்டார் அவ்வளவு தெளிவு. போன் ஸ்பீக்கரில் அது காதில் விழவே விழாது.

3. இரண்டாம் பாதியில் இரண்டு பாட்டு நடுவில் நிற்காமல் ஒன்றாகக் கலந்து ஓடும். சுமார் 25 நிமிடம். அப்போது யாரும் பேச வேண்டாம், மெசேஜும் வேண்டாம். ஜாம் இசை (மேடையிலேயே கற்பனையாக நீட்டி வாசிப்பது) ஏன் மனதை இழுக்கிறது என்று கேட்ட புதியவர்களே, இந்த இடத்தைத் தவற விடாதீர்கள்.

4. மூன்று மணி நேரம் ஆகலாம். சாப்பாட்டை முன்னாடியே முடித்துவிடுங்கள்.

அப்புறம், அடுத்த மாதத்துக்கு ஃபிஷ் என்ற அமெரிக்க ஜாம் குழு 1999 டிசம்பர் 31 இரவு ஃப்ளோரிடாவின் பிக் சைப்ரஸில் நடத்திய புத்தாண்டுக் கச்சேரி. நள்ளிரவில் தொடங்கி விடியும் வரை வாசித்தார்கள். நாம் அதை ஒரே மூச்சில் கேட்போமா, இரண்டு நாளாகவா? எனக்கு ஒரே மூச்சுதான் சரியென்று படுகிறது.

வருபவர்கள் மே 6க்குள் 'வருகிறேன்' என்று இங்கேயே பதில் போடுங்கள்.