தண்ணீர் மட்டும் போதாதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பேத்தி படிக்கும் பள்ளியில் இந்த ஆண்டு முதல் பாட்டிலில் தண்ணீர் மட்டும்தான். ஜூஸ் பாக்கெட், கோலா எதுவும் கூடாது என்றுவிட்டார்கள். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சத்தம். 'என் பிள்ளை எதைக் குடிப்பது என்று பள்ளி எப்படிச் சொல்லலாம்?' என்கிறார்கள். ஏனுங்க, ஷூவின் நிறத்தைக்கூடப் பள்ளிதானே சொல்கிறது, அதற்கு யாரும் வாய் திறக்கவில்லையே!

300 மில்லி கோலாவில் சர்க்கரை மட்டும் சுமார் 30 கிராம், அதாவது ஏழெட்டு டீஸ்பூன். சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறையே இருக்கிறது. கடைக்காரர் விற்கக் கூடாததை நாமே பையில் வைத்து அனுப்புவதா?

ஆனால் பொள்ளாச்சியில் இருந்துகொண்டு இளநீரையும் மோரையும்கூடத் தடுப்பது கொஞ்சம் அதிகம். வீட்டு மோரில் உப்பும் கறிவேப்பிலையும் தவிர வேறென்ன? (பையில் கொட்டினால் நாறும் என்றார் ஆசிரியை. அதுவும் சரிதான்.) பங்குனி வெயிலிலாவது மோரை அனுமதிக்கட்டும்.

- தென்னை விவசாயி ஒருவர், பொள்ளாச்சி