மூட்டு பார்க்கும் டாக்டர்களே, மணியையும் கேளுங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் மூட்டுவலிக்காரர்களைப் பார்க்கும் அரசு டாக்டர்களுக்கு வணக்கம்.

ஓபி சீட்டில் வயசு, எடை, பிரஷர் எல்லாம் எழுதுகிறீர்கள். வலி எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது தூங்குவீர்கள் என்ற இரண்டையும் கேட்டு எழுதுங்கள். அதற்குத்தான் இந்த மடல்.

என் மதினிக்கு முடக்குவாதம். பாம்பனில் விடியற்காலை இறால் பிரிக்கிற வேலை. அந்த நேரத்தில் விரல் மடங்காது, வாளியை முழங்கையில் மாட்டித்தான் தூக்குவார். வேலை முடித்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று உள்ளே போகும்போது மணி பதினொன்று. “கையை மூடுங்க, திறங்க.” மூடித் திறந்தார், வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை வரை போவதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடந்து அப்புறம் இளகுவது இந்த நோயின் குணம் என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

இது உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் வேலை. இரவில் இன்டர்லூகின்-6 மாதிரியான அழற்சிப் பொருள்கள் ஏறி விடியும் நேரத்தில் உச்சிக்குப் போகின்றன. அதை அடக்க வேண்டிய கார்டிசோல் என்ற ஹார்மோனும் விடியலில் ஏறத்தான் செய்கிறது, ஆனால் இந்த நோயாளிகளுக்கு அது போதுவதில்லை. 2008-இல் 288 பேரிடம் நடந்த ஆய்வில், படுக்கும்போது விழுங்கி, சுமார் நான்கு மணி நேரம் கழித்துக் கரையும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, காலையில் போடும் சாதா மாத்திரையைவிட விறைப்பை நன்றாகக் குறைத்தது. அந்த மாத்திரையை நாளைக்கே வரவழையுங்கள் என்று கேட்கவில்லை. நேரமும் மருந்தில் சேர்த்திதான் என்கிறேன்.

சரி, போட்டுக்குப் போகிறவர்கள்? ராத்திரி முழுக்க வலையோடு விழித்திருந்து, கரைக்கு வந்து பகலில் தூங்குகிறவரிடம் மாத்திரைக் கவரில் ‘இரவு’ என்று எழுதிக் கொடுத்தால் அவர் எந்த இரவு என்று எடுத்துக்கொள்வார்? நாங்களாக நேரத்தை மாற்றவும் பயம், ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

அப்புறம் இன்னொன்று. மாதம் ஒருமுறை காலை ஆறு மணிக்கு, மீன் ஏலம் நடக்கிற இடத்திலேயே ஒரு முகாம் போட்டு அந்தக் கைகளைப் பாருங்கள். மேசை, நாற்காலி, டீ எங்கள் செலவு.