மூன்று மணி டீ

தாராசுரம்
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் "கேட்குதா, கேட்குதா" என்பதிலேயே பாதிப் பேச்சு போய்விடுகிறது. தபால் ஆபீஸில் முப்பது வருஷம் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள், சொந்தமாக ஒன்று எழுதிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

லண்டனிலிருந்து நீ அனுப்பிய படங்களை உன் அத்தையும் நானும் மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தோம். எவ்வளவு பெரிய மாளிகை! யாரோ படுத்த கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. எல்லாம் பார்த்து முடித்து வெளியே வந்தால், பழைய குதிரை லாயத்தில் டீ. அந்த மூன்று அடுக்குத் தட்டு அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "கொலு மாதிரி இருக்கு" என்றாள். வெள்ளரிக்காயை ரொட்டிக்குள் வைத்துத் தின்பதற்கு எதற்கு அவ்வளவு பெரிய மாளிகை என்றுதான் எனக்குத் தோன்றியது. ஸ்கோன் என்கிற அந்தப் பன் மாதிரிப் பலகாரத்தில் முதலில் ஜாமா, முதலில் கிரீமா என்று இரண்டு மாவட்டக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் புரிந்தது. சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா என்று இங்கே நடக்காத சண்டையா?

அப்புறம் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். நம் வீட்டையும் இப்படிச் செய்யலாமே, முன்கட்டில் பழைய சாமான்களை அடுக்கி, முற்றத்தைச் சுற்றி நாலு மேஜை போட்டு, கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு மூன்று மணிக்கு டீ கொடுக்கலாமே என்று. இரண்டு வாரமாக நான் பதில் சொல்லவில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மூன்று மணி டீயே 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி ஒருத்தி ஆரம்பித்து வைத்தது என்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் அந்த அம்மாளுக்குப் பசித்ததாம். நம் ஊரில் அந்த நேரத்தில் பசிக்காதவர் யார்? ஆனால் நம் வீட்டில் அந்த நேரத்துக்குக் காப்பிதான், டீ கிடையாது. உன் பாட்டி இருந்தவரை டீத்தூள் வாசற்படி தாண்டி வந்ததில்லை. "டீ கடையில குடிக்கிறது, வீட்டுல குடிக்கிறதில்ல" என்பார். உன் அப்பா மூன்று மணிக்கு "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினால், எந்தக் கடை பெஞ்சில் காற்று வாங்குகிறார் என்று தெருவுக்கே தெரியும். பாட்டி போட்டோ மாட்டியிருக்கிற அதே கூடத்தில் நீ டீ விற்கலாம் என்கிறாய். போட்டோவை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது.

சரி, பழைய வீட்டைக் காட்சிக்கு வைத்தால் எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்துவிடலாம் என்று, போன வியாழக்கிழமை அத்தையும் நானும் கும்பகோணம் போனோம். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வீடு. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெரு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். பெருமாளைப் பார்க்கப் போவேன், பாத்திரக் கடைக்குப் போவேன். அந்த வீட்டுக்குள் ஒரு நாளும் போனதில்லை. லண்டனில் இருக்கிற நீ அங்கே மாளிகை மாளிகையாகப் பார்க்கிறாய். நான் தெருவில் இருக்கிற வீட்டைப் பார்க்க இத்தனை வருஷம் ஆயிற்று.

வீடு சின்னது பாப்பா. வாசலில் திண்ணை. உள்ளே தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை, அதில் ஒரு கட்டில். அப்புறம் கூடம், அடுக்களை, பின்னால் கிணறு. சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தார் வாங்கிப் பராமரிக்கிறார்கள். 2003-இல் அப்துல் கலாம் ஜனாதிபதியாக இருந்தபோது வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தாராம். சுத்தமாக வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. அந்தத் திண்ணையில்தான் மடியில் பலகையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவாராம். அழிக்கத் துணி தேடுகிற நேரம் வீண் என்று முழங்கையாலேயே அழிப்பாராம். நீ ஸ்லேட்டில் எச்சில் தொட்டு அழித்து என்னிடம் அடி வாங்குவாயே, அது ஞாபகம் வந்தது.

அத்தை உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்டது, "இவ்வளவு சின்ன வீட்டுலயா சாப்பாடு போட்டு வெளியாளுங்களைத் தங்க வெச்சிருந்தாங்க?" என்றுதான். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். ராமானுஜனின் அப்பா ஜவுளிக் கடையில் குமாஸ்தா, மாதம் 20 ரூபாய் சம்பளம். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார், அதில் கொஞ்சம் வரும். அதுவும் போதாமல், காலேஜில் படிக்க வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். அப்படித் தங்கிய இரண்டு பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் 11 வயதுக்குள் ராமானுஜன் கரைத்துக் குடித்துவிட்டார். கோண கணிதத்தில் லோனி எழுதிய புத்தகம் அவர் கைக்கு வந்ததும் அவர்கள் மூலமாகத்தான். வாடகைக்கு வந்த பிள்ளைகள் கொண்டுவந்த புத்தகம்! இதை நான் எப்போதோ படித்ததுதான், ஆனால் அந்த அடுக்களையில் நின்றபோதுதான் நன்றாக உறைத்தது. அவ்வளவு சின்ன இடத்தில் வீட்டு ஆட்களுக்கும் வந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து எத்தனை படி அரிசி வடித்திருப்பாள் அந்தப் புண்ணியவதி! இப்போது அடுப்பு அணைந்து கிடக்கிறது. தாளிக்கிற வாசனை இல்லாத அடுக்களையைப் பார்த்தால் எனக்கு என்னவோ சம்பந்தம் முறிந்த வீட்டுக்குப் போனது மாதிரி இருக்கிறது.

1905-இல் எஃப்.ஏ. (அந்தக் காலத்துக் காலேஜ் முதல் படிப்பு) படிக்கும்போது மற்ற பாடங்களில் கோட்டை விட்டு, ஸ்காலர்ஷிப் போய், பையன் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிவிட்டான். வீட்டார் ஹிந்து பத்திரிகையில் 'காணவில்லை' என்று போட்டுத் தேடினார்கள். நான் அந்த ஜன்னல் பக்கமே கொஞ்ச நேரம் நின்றேன். பெற்றவள் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேறு ஜன்னல் அந்த வீட்டில் இல்லை.

தபால்காரி புத்தி எங்கே போகும்? கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் போட்டது 1913 ஜனவரி 16. இங்கிருந்து இல்லை, மெட்ராஸிலிருந்து. துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம், வயது சுமார் 23 என்று தன்னைப் பற்றி எழுதியிருந்தார். பிறந்தது 1887 டிசம்பர். கூட்டிப் பார், 25 வருகிறது! உலகத்துக்கே கணக்குச் சொன்னவர் சொந்த வயதில் இரண்டைத் தொலைத்திருக்கிறார். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். கனமான உறை. அதை வாங்கி எடை போட்டு, சீமைக்கு எத்தனை அணா என்று சொன்ன குமாஸ்தா எப்படி இருந்திருப்பான்? கௌண்டரில் நான் எடை போட்ட உறைகளில் என்னென்ன இருந்தனவோ.

சீமைக்குப் போனவர் பட்ட பாடு உனக்குப் புரியும். கேம்பிரிட்ஜில் குளிர் தாங்காமல் ஓவர்கோட்டோடு கட்டிலின் மேல் படுத்திருக்கிறார். பார்க்கப் போன மஹலனோபிஸ் (பின்னாளில் புள்ளியியலில் பெயர் எடுத்தவர்), கம்பளிகளை மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகியிருப்பதைக் காட்டி, அதைத் தூக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாராம். நீ போன முதல் டிசம்பரில் ஹீட்டர் எப்படிப் போடுவது என்று தெரியாமல் மூன்று நாள் குல்லாயோடு உட்கார்ந்திருந்ததை ஆறு மாதம் கழித்துத்தானே எனக்குச் சொன்னாய்?

இன்னொன்று. விருந்தாளிகளைக் கூப்பிட்டுத் தன் கையால் ரசம் வைத்துக் கொடுத்தார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். மூன்றாவது தடவை போதும் என்றதும் மனுஷர் எழுந்து போனார், ஆளைக் காணோம். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து சில நாள் கழித்துத் தந்தி வந்தது. "விருந்தாளியைத் தொந்தரவு பண்ணாதே அம்மா, வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று என்னைத் திட்டுவாயே, நான் குறைந்தபட்சம் ஊரை விட்டாவது போகவில்லை.

வீட்டை விட்டு வெளியே வரும்போது எனக்கு ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் ஞாபகமும் வந்தது. புருஷன் சீமையில் இருந்த காலத்தில் இங்கே மாமியாரோடு இழுபறி. அவர் 1920-இல் 32 வயதில் போன பிறகு, தையல் கற்றுக்கொண்டு தைத்துப் பிழைத்தவர். 1994 வரை இருந்தார். கோமளத்தம்மாளை நான் அவ்வளவு புகழ்ந்தேன், மருமகள் விஷயத்தில் அந்த அம்மாளை மெச்ச என்னால் முடியாது. அத்தை இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனாரிடம் மாமியார் கதை பேசினது என் தப்பு.

மணி மூன்றரை. ஒரு காப்பிக் கடையில் ஏறினோம். கும்பகோணத்தில் உட்கார்ந்து நான் டீ கேட்டேன். பரிமாறுகிற பையன், "அம்மா, டிகிரி காப்பி இருக்கு" என்றான், எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து. டீதான் என்றேன். கொண்டுவந்தான், பித்தளை டபராவிலேயே. நன்றாகத்தான் இருந்தது. உன் அப்பா சொல்கிற அளவுக்கு இல்லை.

இப்போது உன் யோசனைக்கு வருகிறேன். அதில் தப்பில்லை. மூன்று மணிக்கு நம் ஐராவதேஸ்வரர் கோயிலில் கல் சுடும், கால் வைக்க முடியாது. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து வெள்ளைக்காரர்களும் வடக்கத்தியர்களும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வேன் நிழலில் நிற்பார்கள், பாவம். டீ கொடுத்தால் குடிப்பார்கள். ஆனால் நான் கயிறு கட்ட மாட்டேன். உன் அப்பாவின் சாய்வு நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது என்று அட்டை எழுதி மாட்ட என் கை வராது.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன், திட்டாதே. முன்கட்டில் இருக்கிற இரண்டு அறையையும் மகளிர் கல்லூரியில் படிக்கிற இரண்டு பெண்களுக்குப் பேசிவிட்டேன். ஒருத்தி வேதாரண்யம் பக்கம், இன்னொருத்தி அரியலூர் பக்கம். ஐப்பசி முதல் தேதி வருகிறார்கள். மூன்று வேளையும் நம் அடுக்களையில்தான் சாப்பாடு. வாடகை என்ன என்று கேட்டார்கள். அத்தை எனக்கு முன்னால் ஒரு தொகையைச் சொல்லிவிட்டாள், குறைவுதான், போகட்டும். அதில் ஒருத்தி புள்ளியியல் படிக்கிறாள். காலேஜ் விட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து எழுதலாமா என்று கேட்டாள்.

அவர்கள் வருவதற்குள், மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும். குரங்குகள் இந்த வருஷம் தாழ்வாரத்து ஓட்டை நிறைய உடைத்துவிட்டன. ரேழிச் சுவர் உப்பிக்கொண்டு உதிர்கிறதே, அது போன தடவை வந்த கொத்தனார் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசியதால் வந்த வினை. ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. இப்போது அதைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூச வேண்டும் என்கிறார்கள். நீ மேஜை நாற்காலிக்கு ஒதுக்கிய பணம் இருந்தால் இதற்கு அனுப்பு.

டீத்தூள் வாங்கிவிட்டேன். பாட்டி போட்டோவுக்கு முதல் நாள் ஒரு டம்ளர் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மார்கழியில் வரும்போது அந்த மூன்று அடுக்குத் தட்டு ஒன்று வாங்கி வா, விலை அதிகமில்லை என்றால். துணி சுற்றிப் பெட்டி நடுவில் வை, உடைந்துவிடப் போகிறது. மேல் தட்டில் அதிரசம், நடுவில் முறுக்கு, கீழே சூடாக வெங்காய பஜ்ஜி. அந்தப் பெண்களுக்கு முதலில், வேன்காரர்களுக்கு அப்புறம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா