கோமதிக்கு அம்மா எழுதுவது

பாளையங்கோட்டை,
வைகாசி மாதம்.

அன்புள்ள கோமுவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்குக் கடிதம் போடு என்று எழுதுவது அந்தக் காலத்து வழக்கம், இப்போது யார் போடுகிறார்கள். பார்சலில் இடிசாம்பார்ப் பொடி, தொலி உளுந்து, கறுப்பு எள், மணத்தக்காளி வத்தல் நான்கும் இருக்கின்றன. பொடி டப்பாவில் ஈரக் கரண்டியைப் போடாதே, கட்டி தட்டிவிடும். போனில் சொல்லாமல் எதற்குக் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வருகிறேன், நீ வேறொன்று சொல்கிறாய், கடைசியில் தேங்காய் விலையில் போய் நின்றுவிடுகிறது. பக்கத்தில் அப்பாவும் இருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய சொதிப் படத்தைப் பார்த்தேன். முதல் பால் ஊற்றிய பிறகு கொதிக்க விட்டிருக்கிறாய், ஓரத்தில் பிரிந்து நிற்கிறது. காய் மூன்றாம் பாலில் வேக வேண்டும். இரண்டாம் பாலில் பாசிப்பருப்பும் இஞ்சி, பச்சைமிளகாய் அரைத்ததும் சேர்ந்து கொதிக்கலாம். முதல் பால் ஊற்றி ஓரம் நுரைத்ததும் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் அதற்கும் பிறகு, சூடு தணிந்ததும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் திரியத்தான் செய்யும். இஞ்சித் துவையல் அரைத்தாயா? படத்தில் காணவில்லை. தேங்காய்ப்பால் மந்தம், இஞ்சி இல்லாமல் சொதி சாப்பிடக் கூடாது என்று உன் ஆச்சி எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனாலும் நீயே தேங்காய் துருவி, மூன்று பால் எடுத்துச் செய்திருக்கிறாய். பாக்கெட்டில் விற்கும் பாலை ஊற்றவில்லை. அது எனக்குப் பெருமைதான். நம் பக்கம் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதி அது. பந்திக்கு வைத்தே எனக்குப் பழக்கம், ஒரு ஆளுக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை பகலில் உனக்கு அதற்கு நேரம் கிடைத்திருக்கிறது. நல்லதுதான். மறுநாள் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். அதுவும் நல்லது, உட்கார்ந்தே வேலை பார்க்கிறவளுக்கு இடுப்புக்குப் பலம். வியாழக்கிழமை கொக்கரே பெள்ளூரிலிருந்து நாரைப் படங்கள். அந்த ஊர் மைசூர் ரோட்டில் மத்தூர் பக்கம் என்று அப்பா மேப்பில் பார்த்துச் சொன்னார். பெங்களூரிலிருந்து போய்த் திரும்ப ஒரு நாள் ஆகும் என்றார். அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை, கோமு.

போன திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கை தவறி உன் நம்பரில் பட்டுவிட்டது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாய். பின்னால் குக்கர் விசில் கேட்டது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் கூப்பிட்டால் "அம்மா, மீட்டிங்" என்று ஒரு வரி வரும், இரவு பத்துக்கு மேல் நீயே கூப்பிடுவாய். கூப்பிட்டால் மூச்சுவிடாமல் வேலைக் கதைதான். எனக்குப் பாதி புரியாது. ஆனால் கேட்டுக்கொண்டே இருப்பேன். நீ அவ்வளவு ஆசையாய்ப் பேசுவாய்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் எடுக்க அந்த இணையப் பக்கம் செய்தாயே, அதை நான் தெருவில் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன் தெரியுமா? என்னை உட்கார வைத்து, "அம்மா, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், நீயே தொட்டுப் பார், எங்கே தடுமாறுகிறாய் என்று பார்க்கிறேன்" என்று சொன்னாய். நான் தடுமாறிய இடத்தையெல்லாம் மாற்றினாய். அம்மாவுக்குப் புரியாதது எவளுக்கும் புரியாது என்று சொல்லவில்லை, பக்கம்தான் சரியில்லை என்று சொன்னாய். கண் தெரியாதவர்களுக்குப் போனே வாசித்துக் காட்டும், அது வாசிக்கிற மாதிரி நாம்தான் ஒவ்வொரு படத்துக்கும் கீழே சொல் எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாய். சாம்பல் எழுத்தைக் காட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் நாலரைக்கு ஒன்று என்ற அளவிலாவது வித்தியாசம் வேண்டும், இல்லாவிட்டால் அப்பா மாதிரி கண்புரை வந்தவர்களுக்குத் தெரியாது என்று யாரிடமோ இங்கிருந்தபடியே போனில் சண்டை போட்டாய். அன்றைக்கு அப்பா சாப்பிட்ட தட்டை எடுக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு உன் தொழிலும் அச்சுக் கோக்கிற அவர் தொழிலும் ஒன்றுதான். 'கொ' என்ற எழுத்துக்கு, ஈய எழுத்து வைக்கிற கேஸிலிருந்து கொம்பு ஒன்று, ககரம் ஒன்று, கால் ஒன்று என்று மூன்று அச்சு எடுத்துக் கோக்க வேண்டும் என்று அவர் சொன்னார். கம்ப்யூட்டரின் ஒருங்குறியில் க முதலில் வரும், பின்னால் வருகிற ஒரே குறி இரண்டு பக்கமும் பிரிந்து போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நீ சொன்னாய். இதையே இரண்டு பேரும் ராத்திரி முழுக்கப் பேசினீர்கள். தோசை ஆறிப்போனதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீ வேலை பார்த்த செர்ன் என்ற ஆராய்ச்சி நிலையம், 1993-இல் அதை யாரும் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கு விட்டுக்கொடுத்தது என்று நீ சொன்னதை இன்றைக்கும் நூலகத்துக்கு வருகிறவர்களிடம் அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நீ கடுகு வெடிப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறாய். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்பு பறவைப் படம் அனுப்பினால் அப்பாவுக்காகக் கீழே எழுதுவாய், "புளியமரத்து உச்சியில் மஞ்சள் மூக்கு நாரை, கூட்டில் இரண்டு குஞ்சு, வலது பக்கம் கூழைக்கடா" என்று. இந்த வியாழக்கிழமைப் படங்களுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அப்பா கண்ணருகே வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் கேட்க மாட்டார். நீயாக எழுதியிருக்க வேண்டாமா?

இரவில் நேரத்தோடு படு. பகலில் படுக்காதே. பகலில் படுத்தால் இரவுத் தூக்கம் போய்விடும், தூக்கம் போனால் மனது எங்கெங்கோ போகும்.

மேலவீட்டு மீனாட்சி அத்தைக்குப் பேரன் பிறந்திருக்கிறான். அதை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன். இன்றைக்கு உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நீ எங்கே போனாலும் கூந்தன்குளத்துக் கதையைச் சொல்வாய். அப்பா மூலைக்கரைப்பட்டி வழியாகப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனது, வீட்டுக் கொல்லை மரத்திலேயே நாரைகள் கூடு கட்டியிருந்தது, கீழே விழுந்த குஞ்சை ஒரு பெரியவர் கையில் வைத்திருந்தது, இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தை முதலில் பார்த்தது எல்லாம். உன் காமிராப் பைத்தியம் அங்கேதான் ஆரம்பித்தது என்பாய். நீ அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். அந்த நாட்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை, கோமு. செவ்வாயும் புதனும் வியாழனும்தான்.

டவுனில் அப்பா இருந்த அச்சகத்தில் கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டும் வந்துவிட்டன. ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம் சொல்லவில்லை. ஆபீசில் வெள்ளை அடிக்கிறார்கள், லீவு என்றார். எனக்கு அன்றைக்கே தெரியும். கல்யாண முகூர்த்தம் நிறைந்த மாதத்தில், பத்திரிகை அடிக்க இரவு பகல் போதாத மாதத்தில், எந்த அச்சகம் வெள்ளை அடிக்கும்? அதோடு அவர் கை. எவ்வளவு தேய்த்தாலும் விரல் இடுக்கில் மை இருக்கும், மண்ணெண்ணெய் வாசம் இருக்கும். அந்தக் கை வெளுத்துக்கொண்டே வந்தது. வீட்டில் ஒடிந்தது, கழன்றது எல்லாவற்றையும் சரிசெய்தார். அரிவாள்மனையைச் சாணை பிடித்தார். கொடிக்கயிறு மாற்றினார். என்னை அடுப்பங்கரைக்குள் விடாமல் அவரே கூட்டாஞ்சோறு வைத்தார், நன்றாகவே வைத்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு கூந்தன்குளம் போனார். கையில் ஒரு வேலை இருந்துகொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. சும்மா உட்கார்ந்தால் நான் கேட்டுவிடுவேன் என்று பயந்தார்.

நானும் கேட்கவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன். ஆனி பிறந்து, நெல்லையப்பர் தேர் நெருங்குகிற சமயத்தில் ஒரு நாள் ராத்திரி சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். நீ இடையில் படுத்திருந்தாய்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். என் வளையல் ஜோடி ஒன்று போயிற்று. நீ பார்க்காத வளையல், அதனால் உனக்கு நினைப்பு இருக்காது. அந்தக் காசில்தான் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கப் படித்தார். கேஸில் எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவர், ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடி அடித்தார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது பழைய ணை, லை அச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிதாகப் பழகவில்லையா, இதுவும் பழகும் என்பார். பழகியது. அப்புறம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆய்வேடு அடித்துக் கொடுத்தார், பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் புத்தகப் பக்கம் கட்டினார், அவர் கை பட்ட பக்கத்தில் பிழை இருக்காது என்று தேடி வந்தார்கள். அந்த மேசைக்கு அடியில்தான் நீ உட்கார்ந்து வயரைப் பிடுங்கிவிட்டு அடி வாங்கினாய். அச்சகம் போயிற்றே தவிர, எழுத்தைப் பார்த்து நிறுத்துகிற அந்தக் கண் அவரிடமே இருந்தது. உன்னிடமும் அது இருக்கிறது. அதை எந்த ஆபீசும் கொடுக்கவில்லை, வாங்கிக்கொள்ளவும் முடியாது.

அப்பா இதை உனக்குச் சொன்னதில்லை. நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே.

அன்றைக்கு என்னால் பொறுத்திருக்க முடிந்தது. அவர் என் கண் முன்னால் இருந்தார், சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று பார்க்க முடிந்தது. உன்னிடம் படம் மட்டும்தான் வருகிறது. அது எனக்குப் போதவில்லை.

போஸ்ட் ஆபீசில் உன் பெயரில் போட்டது முதிர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு என்று வைத்தது. கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை, பயப்படாதே. வாடகை, அட்வான்ஸ் என்று ஏதாவது இருந்தால் அதை எடுத்துக்கொள். எதற்கு என்று கேட்க மாட்டேன். வீட்டை மாற்றுவதென்றாலும் மாற்று. சின்ன வீட்டில் இருப்பதில் ஒரு கேவலமும் இல்லை.

இன்னொன்று. போன வாரம் அப்பா மாடி அறைக்கு நெட் கனெக்‌ஷன் போட்டிருக்கிறார். வேகம் அதிகம் உள்ளதாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். நமக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். ஜன்னல் பக்கம் இருந்த அவர் பழைய மேசையைத் துடைத்து, வெளிச்சம் இடது பக்கம் விழுகிற மாதிரி திருப்பிப் போட்டிருக்கிறார். அங்கிருந்து வேலை பார்க்கலாம், புதிதாகத் தேடலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்.

ஆனித் தேருக்கு வா. தேருக்கு முந்தின நாள் வந்து மறுநாள் ஓடுகிற மாதிரி இல்லாமல், இருக்கிற மாதிரி வா. லேப்டாப்பையும் காமிராவையும் எடுத்து வா. வேறு எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

இரவில் நேரத்தோடு படு. பொடி டப்பாவில் ஈரக் கரண்டி வேண்டாம்.

இது கிடைத்ததும் கூப்பிடு. பத்து மணிக்கு அப்பா நூலகத்துக்குப் போய்விடுவார், பன்னிரண்டு வரை வர மாட்டார். அந்த நேரத்தில் நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா